இருபத்தெட்டு இரண்டுகள்

அரசியல் உளவியல் பாடத்துக்குச் சாய்ப்ரியா ஐந்துக்கு இரண்டு போட்டாள். வாரம் முழுவதும் அவள் ஆசைப்பட்டுப் போகிற ஒரே வகுப்பு அதுதான்.

அவள் படித்த கல்லூரி சரவணம்பட்டியில் இருந்தது. மூன்றாமாண்டு உளவியல் வகுப்பில் இருபத்தெட்டு பேர். ஒவ்வொரு பருவத்தின் நடுவிலும் பாடத்துக்கும் அதை நடத்துகிறவருக்கும் மாணவர்கள் கல்லூரியின் இணையதளத்தில் மதிப்பெண் போட வேண்டும். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. அதில் மூன்றுக்குக் கீழே போன விருப்பப் பாடங்கள் அடுத்த ஆண்டு இருக்காது என்பதும் மாணவர்களுக்குத் தெரியாது.

பாடத்தை நடத்தியவர் விமலாராணி. நாற்பத்தாறு வயது. மாணவர்களை ஒருமையில் கூப்பிடவே மாட்டார். யார் எதைச் சொன்னாலும், "ஏனுங்க?" என்று கேட்பார். அதனால் அவருக்கு 'ஏனுங்க மேடம்' என்று பெயர் வந்துவிட்டது. முதல் நாள் வகுப்புக்குள் வந்தவர் பெயரைக்கூடச் சொல்லாமல், "ஒரு கூட்டத்துல முதல்ல கை தட்டறவரு ஒருத்தரு. ரெண்டாவதா தட்டறவரு ஒருத்தரு. இந்தப் பேப்பரு அந்த ரெண்டாவது ஆளப் பத்துனதுங்க" என்றார். சாய்ப்ரியாவுக்கு அன்றைக்கே பிடித்துப்போனது.

எல்லோருக்கும் அப்படியில்லை. விமலாராணி குறிப்பு கொடுக்க மாட்டார். திரையில் படம் போட்டு நடத்த மாட்டார். வகுப்புத் தேர்வில் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதினால், ஓரத்தில் 'இது புத்தகம் சொன்னது. நீங்க என்ன பாத்தீங்க?' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைப்பார். முதல் தேர்வில் பத்தொன்பது பேர் பாதியைத் தாண்டவில்லை. வகுப்புப் பிரதிநிதி மெல்வின் ஐம்பதுக்குப் பதினான்கு. பள்ளியிலிருந்து முதல் இரண்டு இடங்களைத் தவிர வேறெதையும் அறியாதவன் அவன்.

விடைத்தாள் கையில் வந்து மூன்றாம் நாள் மாலை, வகுப்பு வாட்ஸப் குழுவில் மெல்வின் ஒரே வரி போட்டான். 'ஏனுங்க மேடத்துக்கு எல்லாரும் ரெண்டு போடறோம். ஒருத்தரும் மாத்தப்படாது.' கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. இருபது, இருபத்தொன்று என்று ஏறிக்கொண்டே போனபோது, தன்னுடையது மட்டும் இல்லாமல் இருந்தால் தெரிந்துவிடும் என்று சாய்ப்ரியாவுக்குப் பட்டது. அவளும் ஒன்று வைத்தாள். அடுத்த நாள் பேருந்தில் காந்திபுரம் வருவதற்குள் இணையதளத்தைத் திறந்து இரண்டைத் தொட்டுவிட்டு மூடினாள். கருத்து எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

பத்து நாள் கழித்து, பஸ் பாஸுக்கான சான்றிதழ் வாங்க அவள் துறைத் தலைவரின் அறை வாசலில் காத்திருந்தாள். துறைத் தலைவர் செங்கோட்டையன் நல்ல மனிதர், ஆனால் விதிமுறைக்கு வெளியே ஒரு அடி வைக்காதவர். உள்ளே விமலாராணி உட்கார்ந்திருந்தார். கதவு பாதி திறந்திருந்தது.

"இருபத்தெட்டு பேருமே ரெண்டுங்க மேடம்."

"இருபத்தெட்டு பேருமா? ஒருத்தருகூட ஒண்ணோ மூணோ போடலீங்களா?"

"இல்லீங்க."

விமலாராணி சிரித்துவிட்டார். "சார், அது கருத்து இல்லீங்க. ஒரே பாட்டுக்கு வாயசைக்கறது."

"எனக்கும் புரியுதுங்க. ஆனா பாடத்திட்டக் கமிட்டி சராசரியத்தானுங்க பாக்கும். அடுத்த வருசம் இதுக்குப் பதிலா நுகர்வோர் உளவியல் வெச்சுக்கலாம்னு பேச்சு. அடுத்த வியாழக்கெழம கூடறாங்க. நீங்க வேணும்னா பசங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"வேண்டாமுங்க. மார்க்குப் போடற எடத்துல நின்னுட்டு எனக்கு நல்லது சொல்லுங்கன்னு கேட்டா, அவங்க வேற என்னத்தச் சொல்லுவாங்க?"

வெளியே வந்தவர் சாய்ப்ரியாவைப் பார்த்து, "காத்திருக்கீங்களா? போங்க, சாரு சும்மாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார். முகத்தில் கோபம் இல்லை. சாய்ப்ரியாவால்தான் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் வகுப்பில் புதிய அலகு தொடங்க வேண்டும். பாடத்திட்டத்தில் அடுத்து இருந்தது, மனிதர்கள் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு கூட்டத்தில் வேறொன்றைச் சொல்வது ஏன் என்பது. விமலாராணி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். சற்று யோசித்தார். "இத கடைசியில பாத்துக்கலாமுங்க. இப்ப ஓட்டுப் போடறதப் பத்திப் பாப்போம்" என்று அதைத் தாண்டிப் போனார். எதற்காகத் தாண்டினார் என்று அந்த வகுப்பில் சாய்ப்ரியா ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் அந்தப் பாடத்தை அன்றைக்கு நடத்தித் தங்களைக் குத்திக்காட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

வகுப்பு முடியும்போது ஒரு வேலை கொடுத்தார். "ஊட்டுல ஒருத்தருகிட்டக் கேட்டுட்டு வாங்க. யாருக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு கேக்கப்படாது. எப்படி முடிவு பண்ணுனாங்கன்னு மட்டும் கேளுங்க."

சாய்ப்ரியாவின் வீடு மதுக்கரையில். அப்பா ராமுலு அங்கே டயர் கடை வைத்திருந்தார். தேர்தல் வந்துவிட்டால் கடையில் டயரைவிட அரசியல்தான் அதிகம் உருளும். வீட்டில் பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கடைக்குப் போனபின், இட்லிப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்த அம்மா பங்காரம்மாவிடம் அவள் நோட்டோடு போய் உட்கார்ந்தாள்.

"என்னைய எதுக்குக் கேக்கற? உங்கப்பனக் கேளு. மூணு நோட்டு பத்தாது, அத்தனை சொல்லும்."

"அப்பா சொல்றதுதான் ஊருக்கே தெரியுமே. நீ சொல்லும்மா. எப்படி முடிவு பண்ணுவ?"

அம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எழுதுவியா? எம் பேரப் போடுவியா?"

"பேரு போட மாட்டேன்."

"சரி. கல்யாணமாயி இருபத்தாறு வருசம். ஒவ்வொரு தடவையும் பூத்துக்குப் போறதுக்கு முன்னால உங்கப்பா, இன்னதுல போட்டுருன்னு சொல்லும். நானும் சரின்னு தலையாட்டுவேன். திரும்பி வந்ததும், போட்டியான்னு கேக்கும். போட்டுட்டேன்னு சொல்லுவேன். ஊட்டுல எதுக்குச் சண்டை? ஆனா அந்த அட்டை மறைப்புக்குள்ள போயிட்டா அங்க யாரு இருக்கா? நாந்தான இருக்கேன்? தண்ணி யாரு உட்டாங்க, தெருவுக்கு ஒரு தடவையாச்சும் யாரு வந்தாங்கன்னு யோசிச்சு, எனக்குத் தோணுனதுல அமுக்கிட்டு வருவேன். சில தடவை உங்கப்பா சொன்னதும் அதுவும் ஒண்ணாவே இருக்கும். சில தடவை இருக்காது."

சாய்ப்ரியா எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள். இருபது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிற இந்தப் பெண்மணியை இப்போதுதான் பார்ப்பதுபோல் இருந்தது.

"அம்மா, நான் மறைப்புக்குள்ள போயும் பொய் சொல்லிப்போட்டேன்" என்றாள்.

முழுக்கதையையும் சொன்னாள். அம்மா இட்லியைத் துணியிலிருந்து எடுத்தபடியே கேட்டார். கடைசியில் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏங் கண்ணு, பக்கத்துல ஆளு நின்னா பயந்துட்டுப் போடலாம். ஆளே இல்லாத எடத்துல யாருக்குப் பயந்த?"

சாய்ப்ரியா நோட்டை மூடி வைத்தாள்.

திங்கட்கிழமை மதியம் கல்லூரிக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் மெல்வினைப் பிடித்தாள். போத்தனூர்க்காரன். கல்லூரிப் பேருந்தை விட்டுவிட்டு ரயிலிலும் டவுன் பஸ்ஸிலும் வருகிறவன். டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு இருவரும் ஓரமாக நின்றார்கள். துறைத் தலைவர் அறையில் கேட்டதை அவள் சொன்னாள்.

"பாடத்தையே எடுத்துருவாங்களா?" மெல்வின் பன்னைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "நான் மேடத்துக்கு ஒரு அடி வெக்கலாம்னுதான் நெனச்சேன். பாடத்தையே தூக்குவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"உனக்கு நெஜமா அந்தக் கிளாஸ் புடிக்கலையா?"

அவன் டீயை ஒரு வாய் குடித்தான். "எங்கப்பா என்னோட மார்க்கப் பாத்துட்டு ரெண்டு நாளு பேசலை. அந்தக் கோவம். கிளாஸ் புடிக்கும். உண்மையச் சொன்னா நாலு போட்டுருப்பேன். நானே ரெண்டுன்னு சொல்லிட்டு நானே நாலு போட முடியுமா?"

"நான் அஞ்சு போட்டுருப்பேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியென்றால் அந்தக் குழுவில் உண்மையாகவே இரண்டு போட்டவர்கள் எத்தனை பேர்? அதைத் தெரிந்துகொள்ளக் கையைத் தூக்கச் சொல்லிப் பயனில்லை. மறுபடியும் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்ப்பார்கள். "மறைப்பு வேணும்" என்றாள் சாய்ப்ரியா.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் வகுப்பறையிலேயே அந்த ஓட்டெடுப்பு நடந்தது. மெல்வின் எழுந்து நின்று, அந்தச் செய்தியைப் போட்டது தன் கோபம்தான் என்றும், தன்னுடைய இரண்டே உண்மையான இரண்டு இல்லை என்றும் ஒத்துக்கொண்டான். சொல்லும்போது காது சிவந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. கைபேசிகள் எல்லாம் மேசைமேல் வைக்கப்பட்டன. வகுப்பின் மூலையில் இருந்த இரும்புப் பீரோவுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய், ஒரே நீலப் பேனாவால், துண்டுச் சீட்டில் ஓர் எண்ணும் ஒரு வரியும் எழுதி, மெல்வின் கொண்டுவந்திருந்த இனிப்புப் பெட்டியில் போட வேண்டும். முதலில் கேலியாகத்தான் போனார்கள். பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் அமைதியாக வந்தார்கள். சிலர் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

எண்ணிப் பார்த்தபோது ஆறு ஐந்துகள், பதினொரு நான்குகள், ஆறு மூன்றுகள், மூன்று இரண்டுகள், இரண்டு ஒன்றுகள். சராசரி மூன்றரைக்குச் சற்று மேல்.

எண்களைவிட வரிகள்தான் சுவாரசியமாக இருந்தன. 'இந்த வகுப்புக்கு அப்புறம் டிவியில் விவாதம் பார்த்தால் சிரிப்பு வருகிறது.' 'நல்லா இருக்கு, ஆனா மதியம் ரெண்டு மணிக்கு வேண்டாம்.' 'தமிழில் சொல்லிக் கொடுத்துவிட்டு ஆங்கிலத்தில் தேர்வு வைத்தால் என்ன நியாயம்?' 'மேடம் எந்தக் கட்சி என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.' ஒன்று போட்டிருந்த ஒரு சீட்டில் 'குறிப்பு! குறிப்பு! குறிப்பு!' என்று மட்டும் இருந்தது. இரண்டு போட்டிருந்த ஒன்றில் சிறிய, திருத்தமான எழுத்தில் இப்படி இருந்தது: 'பேசுகிறவர்களுக்கு அன்றைக்கே பதில். எழுதுகிறவர்களுக்கு ஒரு மாதம் கழித்து.'

மாலையில் மெல்வினும் சாய்ப்ரியாவும் துறைத் தலைவரிடம் பெட்டியோடு போனார்கள். செங்கோட்டையன் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"சைட்ட மூடிப்போட்டாங்களே தம்பி. இனி அதுல ஒண்ணும் மாத்த முடியாது."

"அதுல இருக்கறது பொய்யுங்க சார். இதுதானுங்க உண்மை" என்றான் மெல்வின்.

"பொய்யோ மெய்யோ, நீங்க போட்டதுதானுங்க?" அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஒண்ணு செய்யுங்க. மொதல்ல போட்டது எப்படிப் போட்டதுன்னு ஒரு லெட்டர் எழுதி, கிளாஸ்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இந்தச் சீட்டையும் சேத்து வியாழக்கெழம கமிட்டியில வெக்கறேன். அதுக்கு மேல எம் பொறுப்பில்லை."

புதன்கிழமை காலை கடிதம் தயாரானது. 'நாங்கள் இருபத்தெட்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்து ஒரே மதிப்பெண் போட்டோம். அது எங்கள் உண்மையான கருத்து அல்ல' என்று இருந்தது. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். இருபத்தேழாவது கையெழுத்தோடு காகிதம் கெசியாவிடம் வந்து நின்றது.

கெசியா ஜன்னலோரம் மூன்றாவது வரிசையில் உட்காருகிறவள். கணபதியில் வீடு. மூன்று வருடத்தில் அவள் வகுப்பில் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருந்தால் அதிகம். கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாது சாய்."

"ஏன் கெசியா?"

"நான் உங்ககூடச் சேந்து போடலை. குரூப்ப மியூட் பண்ணி வெச்சிருக்கேன். அந்த மெசேஜ நான் பாத்ததே மூணு நாள் கழிச்சுத்தான். ரெண்டுங்கறது நானா போட்டது."

இருபத்தெட்டு இரண்டுகளில் பேசி வைக்காமல் விழுந்தது ஒன்றே ஒன்றுதான் என்பதும், அதைப் போட்டவள் இவள்தான் என்பதும் சாய்ப்ரியாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"அவ்வளவு புடிக்கலையா?"

"பாடம் புடிக்கும். என்னையப் பேசச் சொல்றாங்க. எழுந்து நின்னா எனக்குத் தொண்டை அடைச்சுக்குது. அதனால எழுதிக் குடுக்கறேன். நாலு பக்கம் எழுதுனேன். ஒரு மாசமா அது மேடத்துகிட்டயே இருக்குது. நீ எந்திரிச்சு ஒண்ணு சொன்னா, ஏனுங்கன்னு கேட்டு, உடனே உங்கிட்டப் பேசறாங்க. எங்கிட்ட யாரு பேசுனா?"

திருத்தமான சிறிய எழுத்து யாருடையது என்று சாய்ப்ரியாவுக்குத் தெரிந்துவிட்டது. மெல்வின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப லெட்டர்தான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் புதிய தாளை எடுத்தான். 'எங்களில் இருபத்தேழு பேர் பேசி வைத்துப் போட்டோம். ஒருவர் மட்டும் தானாக யோசித்துப் போட்டார். அந்த ஒருவரின் கருத்தும் இந்தச் சீட்டுகளில் இருக்கிறது' என்று மாற்றி எழுதினான்.

கெசியா படித்துப் பார்த்தாள். "இது சரி" என்று முதல் கையெழுத்தை அவளே போட்டாள். மற்ற இருபத்தேழு பேரும் மறுபடியும் போட்டார்கள். யார் அந்த ஒருவர் என்று காகிதத்தைப் பார்த்து இனி யாராலும் சொல்ல முடியாது.

செங்கோட்டையன் அதைத்தான் முதலில் கேட்டார். "யாருங்க அந்த ஒருத்தரு?"

"அது மட்டும் சொல்ல மாட்டோமுங்க சார்" என்றாள் சாய்ப்ரியா. அவர் வற்புறுத்தவில்லை. கடிதத்தைக் கோப்பில் வைக்கும்போது உதட்டோரம் லேசாகச் சிரித்ததுபோல் இருந்தது.

கமிட்டி பாதி மனதோடு ஒத்துக்கொண்டது. பாடம் இன்னும் ஓர் ஆண்டு இருக்கும், அதன்பிறகு மறுபடியும் பார்ப்போம் என்றார்கள். நுகர்வோர் உளவியலையும் சேர்த்து வைத்து, எது வேண்டுமோ மாணவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று துறைத் தலைவரே சொன்னார்.

வெள்ளிக்கிழமை விமலாராணி இனிப்புப் பெட்டியோடு வகுப்புக்கு வந்தார். நன்றி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று மெல்வின் எதிர்பார்த்தான். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. பெட்டியைத் திறந்து, சீட்டுகளை மேசைமேல் சீட்டுக்கட்டுபோல் பரப்பினார்.

"இருபத்தி மூணு வருசமா பாடம் நடத்தறனுங்க. இந்த மாதிரி ஒரு கருத்து எனக்கு ஒருத்தரும் குடுத்ததில்லை. நேத்துலிருந்து இதைத்தான் படிச்சுட்டு இருக்கேன். ஒவ்வொண்ணாச் சொல்றேன். ரெண்டு மணி வேண்டாம்னு கேட்டிருக்கீங்க. பதினொண்ணே காலுக்கு மாத்தக் கேட்டிருக்கேன், கெடைக்கும்போலத் தெரியுது. அடுத்த தேர்வ தமிழ்லயும் எழுதலாம், இங்கிலீஷ்லயும் எழுதலாம், அனுமதி வாங்கிட்டேன். நான் எந்தக் கட்சின்னு கண்டுபிடிக்க முடியலைன்னு ஒருத்தரு வருத்தப்பட்டிருக்காரு. தொடர்ந்து வருத்தப்படுங்க."

வகுப்பு சிரித்தது.

"குறிப்பு கேட்டு மூணு ஆச்சரியக்குறி போட்டிருக்காங்க. குறிப்பு கெடையாதுங்க."

"மேடம்..." என்று ஒரே குரலாக முனகல் எழுந்தது.

"கெடையாதுங்க." அவர் ஒரு சீட்டைத் தனியாக எடுத்தார். அதை மட்டும் சத்தமாகப் படிக்கவில்லை. "இங்க ஒருத்தரு, எழுதறவங்களுக்குப் பதில் வர ஒரு மாசமாகுதுன்னு சொல்லியிருக்காரு. எனக்கு உறைச்ச ஒரே சீட்டு இதுதானுங்க. பேசறவங்கதான் யோசிக்கறாங்கன்னு நானே அறியாம நெனச்சுட்டு இருந்திருக்கேன். தப்பு எம்மேலதான். யாருன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இனி எழுதிக் குடுக்கறதெல்லாம் ஒரு வாரத்துல பதிலோட வரும்."

பிறகு, தாண்டிப்போன அந்த அலகைத் திருப்பி எடுத்து அன்றைக்கே தொடங்கினார். தங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. வேறு எந்த நாளும் இல்லாத அளவுக்கு அன்று கைகள் உயர்ந்தன. மணி அடித்தது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வகுப்பு ஆசிரியர் வாசலில் வந்து நின்று இருமிய பிறகுதான் விமலாராணி சாக்பீஸை வைத்தார். "அடடா, வாரேனுங்க, வாரேனுங்க" என்று புத்தகத்தை அள்ளிக்கொண்டு ஓடினார்.

அடுத்த புதன்கிழமை, விமலாராணியிடம் எழுதிக் கொடுத்திருந்த நோட்டுகள் திரும்பி வந்தன. மாலைப் பேருந்தில் கெசியாவும் சாய்ப்ரியாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருடத்தில் அது முதல் தடவை. சத்தி ரோட்டில் எங்கோ மேம்பால வேலை, வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கெசியா தன் நோட்டை விரித்து மடியில் வைத்திருந்தாள். அவள் எழுதியது நான்கு பக்கம். விமலாராணி பச்சை மையில் எழுதியிருந்த பதில் ஐந்து பக்கத்துக்கு நீண்டிருந்தது.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் சாய்ப்ரியா.

"ரெண்டாவது பக்கத்துல நான் சொன்னது சரியில்லைங்கறாங்க."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, அவங்க சொல்றதுதான் சரியில்லை." கெசியா பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள். பேருந்து குலுங்கியதில் முதல் வரி கோணலாகப் போனது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கணபதி நிறுத்தம் வந்து, நடத்துநர் இரண்டு முறை குரல் கொடுத்தும் அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. சாய்ப்ரியாதான் தோளைத் தட்டி எழுப்பி விட்டாள்.